பன்னிரண்டு பூனைக்குட்டிகளும் கூப்பிய கைகளும்

எங்கள் ஊர் முன்பள்ளியின் வடக்குச் சுவரிலே பன்னிரண்டு பூனைக்குட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்று முழுப் பச்சை. ஒன்றுக்கு வயிறு மாத்திரம் சிவப்பு. தலைக்கு வரும்முன் பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. இன்னொன்று தன் கோட்டைக் கடந்து தாளின் நான்கு மூலைக்கும் பரந்து, அடியும் முடியும் காணமுடியாதபடி நிற்கிறது. விடிய எழுந்து நீராடித் திருநீறு பூசித் திருமுறை ஓதாமல் வாய் நனைத்தறியாத ஒருவன், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் பூனைப் படங்களைப்பற்றி எழுத உட்காருவதைச் சிலர் வேடிக்கையாக எண்ணலாம். எண்ணட்டும். அந்தச் சுவரைப்போல் என்னை நிமிர்ந்து நடக்கச்செய்த சுவர் எங்கள் கோயில் மதிலைத் தவிர வேறொன்றில்லை.

என் கையைப்பற்றி முதலில் சொல்லவேண்டும். விசயதசமி காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் பணியை ஊர் எனக்குத் தந்து நெடுங்காலமாயிற்று. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் வலக்கைச் சுட்டுவிரலை என் விரல்களுக்குள் பிடித்து, பிள்ளையார் சுழியிட்டு, 'அ' எழுதுவிப்பேன். இன்று ஊரில் மீசை முறுக்கித் திரியும் தகப்பன்மார் பலர் என் மடியிலிருந்து அழுதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே மடியில் அதே சுருதியில் அழுதார்கள். தோட்டத்தில் புகையிலை நட்ட கை அது. ஆயினும் அரிசியில் எழுத்தறிவித்த கை என்றே நான் அதை மதித்துவந்தேன்.

போன விசயதசமியில் ஒரு சிறுமி அழுத அழுகை மண்டபத்தையே உலுக்கிற்று. விரலை மடக்கிப் பொத்திக்கொண்டாள். நான் விரித்தேன், அவள் மீண்டும் பொத்தினாள். ஒருவாறு 'அ' முடிந்தபோது பாதி அரிசி நிலத்திலும் பாதி என் வேட்டியிலும் கிடந்தது. "பிடிவாதக்காரி" என்று சொல்லி அவள் தாயிடம் கொடுத்தேன். அதற்குமேல் நான் சிந்திக்கவில்லை.

அந்தத் தாய்தான் இவ்வாண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும், வேறு சில தாய்மாரோடு கோயிற் கிணற்றடியில் என்னை மறித்தாள். முன்பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு நான் தலைவன்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. ரண்டு மாசமாப் பிள்ளை பூனைக்குட்டிக்குக் கலர் அடிக்கிறாள். வேறை ஒண்டும் இல்லை. 'அ' எழுதடி எண்டால், எழுதிறதுமாதிரித் தொடங்கி அதுக்கொரு வால் கீறுறாள்."

"ஏன், வால் வடிவாக் கீறுறாளோ?" என்றேன்.

"நீங்கள் பகிடி விடுறீங்கள். கனடாவிலை இருந்து மாமன்காரன் அனுப்பின பாஸ்டல் கலர்ப் பெட்டி, ஐயா. புத்தம் புதுசு. ரீச்சர் எல்லாத்தையும் முறிச்சு முறிச்சுத் துண்டாக்கி வைச்சிருக்கிறா. ஏனெண்டு கேட்டால் சிரிக்கிறா."

அடுத்தவள் சொன்னாள்: "ரவுணிலை இந்த வயசிலை பிள்ளையள் பேர் எழுதுதுகள். நாங்கள் பிள்ளையளை ஏத்திக்கொண்டு போக வான் ஒண்டு பேசிப்போட்டம். வாற தவணையிலையிருந்து அங்கைதான் விடப்போறம்."

அவர்கள் பட்டணத்தில் விட்டால் எங்கள் முன்பள்ளி நில்லாது. பன்னிரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள். பாதிப்பேர் வானில் ஏறினால், மற்றவர்களும் அதே வானில் இடம் கேட்பார்கள். பிறகு கதவைப் பூட்டவேண்டியதுதான். அந்தக் கதவுக்குள் இருந்த ஆசிரியை எங்கள் ஊர்ப் பிள்ளை. பட்டணத்தில் முன்பள்ளிப் பயிற்சி முடித்து, அங்கேயே வேலை கிடைத்தும், தன் ஊருக்குத்தான் செய்வேனென்று, பட்டணத்தை எங்கள் தீவோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் திரும்பி வந்தவள். அவளுடைய வேலையும் ஊரின் ஒரே முன்பள்ளியும் ஒரு வானின் சில்லில் தொங்கின. உண்மையைச் சொன்னால், அன்று என் மனம் தாய்மார் பக்கமே சாய்ந்தது. எழுத்தல்லவா கண். பூனை எப்போது கண்ணாயிற்று?

மறுநாட் காலை முன்பள்ளிக்குப் போனேன். பாயில் பிள்ளைகள் குப்புறக் கிடந்தார்கள், நடுவில் ஆசிரியை, அவள் மடியில் உண்மையான பூனைக்குட்டி ஒன்று. ஊர்ப் பூனையொன்று தாள் வைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் புகுந்து மூன்று குட்டி ஈன்றிருந்ததாம். அன்றிலிருந்து பிள்ளைகள் வேறு எதையும் பார்க்க மறுத்துவிட்டார்களாம். அவளும் மறுக்காமல், குட்டி ஒன்று வாலைக் காலோடு சுற்றி இருக்கும் கோலத்தைக் கோட்டுப்படமாகக் கீறி, வேலணைச் சந்தியில் பிரதி எடுத்து வந்திருந்தாள். ஒரு நாள் காதுக்கு மட்டும் நிறம். ஒரு நாள் வரிகளுக்கு மட்டும். ஒரு நாள் பழைய பத்திரிகையைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டி உரோமம்.

"நீர் எழுத்துக் காட்டுறேல்லை எண்டு கதை வருகுது, பிள்ளை."

"எழுத்துக்குத்தான் ஐயா உது எல்லாம்." ஒரு சிறு பாஸ்டல் துண்டை என்னிடம் நீட்டினாள். "இதைப் பொத்திப் பிடியுங்கோ பாப்பம்."

பொத்திப் பார்த்தேன். துண்டு உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது, தாளைத் தொடவில்லை. மூன்று விரல் நுனியால் பிடித்தால்தான் பிடிபட்டது.

"முழுக்கட்டி குடுத்தால் உலக்கை மாதிரிப் பொத்திப் பிடிப்பினம். துண்டெண்டால் அப்பிடிப் பிடிக்க ஏலாது. பேனை பிடிக்கிற பிடி தானா வந்திடும்."

நான் என் விரல்களைப் பார்த்தேன். சம்புடத்திலிருந்து திருநீறு எடுக்கும் பிடியும் அதுவே. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. தலைவன் உடனே இளகுவது முறையன்று என்று எண்ணினேன் போலும்.

"தாய்தேப்பனுக்கு உதைச் சொன்னீரோ?"

"நான் சொன்னால் ஆர் கேக்கினம், ஐயா? என்னை இடுப்பிலை தூக்கினவையெல்லோ அவையள். பிள்ளையள் செய்யிறதைக் கண்ணாலை பாக்கட்டும். ஒருநாள் வரச்சொல்லுங்கோ. பார்த்த பிறகும் வான்தான் வேணுமெண்டால், நான் கதவைப் பூட்டித் திறப்பை உங்கடை கையிலை தாறன்."

சொல்லிவிட்டு மடியிலிருந்த குட்டியைத் தடவத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஊர் திரண்டது. தாய்மார் எல்லோரும், தகப்பன்மார் சிலரும் வந்தனர். அவர்களுள் ஒருவர் ஊர்காவற்றுறை வீதியில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். செத்த வீட்டிலும் சிரிக்கவைப்பார் என்று பெயர் எடுத்தவர். பிள்ளைகள் பாயில் வரிசையாக இருக்க, பெற்றோர் அவரவர் பிள்ளைக்குப் பின்னால் இருந்தனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூனைத் தாளும் கிண்ணத்தில் பாஸ்டல் துண்டுகளும். ஆசிரியை என்னைப் பார்த்து, "ஐயா, தொடக்கி வையுங்கோ" என்றாள்.

தொடக்கி வைக்கச் சொன்னால் எனக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றுதான். கடவுள் வாழ்த்து ஓதினேன். பாயில் அமர்ந்தேன். முன்னே இருந்த சிறுமியை மடியில் இருத்தினேன். மண்டபத்தை உலுக்கிய அதே சிறுமி. அவளுடைய வலக்கையை என் கைக்குள் எடுத்து, பாஸ்டல் துண்டைப் பிடிப்பித்து, பூனையின் தலைக்குமேல் பெரியதொரு பிள்ளையார் சுழி இட்டேன். பின்பு அந்தக் கையைப் பிடித்தபடியே பூனையின் காதிலிருந்து வால்வரை மண்ணிறம் தீட்டினேன். ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. இம்முறை அவள் அழவில்லை. கையை எனக்குத் தந்துவிட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது கண்ட காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாய் வருகின்றன. மற்றப் பதினொரு பிள்ளைகளும் மடிகளில் இருந்தார்கள். பதினொரு கைகள் பதினொரு கைகளுக்குள் இருந்தன. பதினொரு தாள்களிலும் பிள்ளையார் சுழி. பெரியவர் செய்ததை ஊர் செய்தது. ஆசிரியை "ஐயோ, விடுங்கோ, அவையளே செய்வினம்" என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுற்றி ஓடியிருக்கிறாள். எவருடைய காதிலும் விழவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை எதையாவது முதன்முதல் செய்யும்போது பெரியவர் கையைப் பிடிப்பதுதான் வழக்கம். பிடியாமல் விடுவது பிள்ளையைக் கைவிடுவதாகும்.

பன்னிரண்டு தாள்களையும் அவள் கயிற்றில் கொழுவினாள். எல்லாப் பூனையும் மண்ணிறம். எல்லாம் ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள்.

"பாருங்கோ, எவ்வளவு துப்பரவு!" என்றாள் ஒரு தாய். "உப்பிடி முந்தியே செய்விச்சிருக்கலாமே, ரீச்சர்."

ஆசிரியை என் மடியிலிருந்த சிறுமியிடம் மெல்லக் குனிந்து கேட்டாள்: "குஞ்சு, உம்மடை பூனைக்குட்டி எது? எடுத்துக்கொண்டு வாரும் பாப்பம்."

சிறுமி கயிற்றை இடமிருந்து வலம் பார்த்தாள். வலமிருந்து இடம் பார்த்தாள். பிறகு திரும்பி என் நெஞ்சில் விரல் வைத்து, "என்ரை இல்லை. எல்லாம் தாத்தாவின்ரை" என்றாள்.

முச்சக்கரவண்டிக்காரர் வெடித்துச் சிரித்தார். "சரியாப்போச்சு! ஐயாவை முன்பள்ளியிலை சேருங்கோ. வடிவாக் கலர் அடிக்கிறார்."

ஊர் சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. ஒருத்தியின் வாழ்வைத் தீர்மானிக்கும் நாளில், அவள் காட்டவிருந்ததை என் கையாலேயே மூடிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தாய்மார் எழுந்திருக்க ஆயத்தமானார்கள். ஒருத்தி வான்காரருக்கு அழைப்பெடுக்கக் கைபேசியை வெளியே எடுத்துவிட்டாள்.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ" என்றேன். கோயிலில் ஓதும் குரல் அது, இருந்துவிட்டார்கள். "பிழை என்ரை. ரீச்சர், இன்னொருக்கால் செய்விப்பம்."

"தாள் இல்லை, ஐயா. பன்னிரண்டுதான் எடுத்தனான்."

"பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு."

அவள் பன்னிரண்டு தாள்களையும் திருப்பி அடுக்கிக்கொண்டு, நிலத்திலே சம்மணமிட்டு இருந்து கீறத் தொடங்கினாள். அலுமாரிக் கதவை அகலத் திறந்து வைத்தாள். குட்டிகள் வெளியே உருண்டு வந்தன. கண்ணை அவற்றிலும் கையைத் தாளிலும் வைத்து அவள் கீறிய வேகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. உறங்கும் குட்டி, சோம்பல் முறிக்கும் குட்டி, தன் வாலைத் தானே துரத்தும் குட்டி, தாயின் வயிற்றில் முட்டும் குட்டி. பன்னிரண்டும் பன்னிரண்டு கோலம். பட்டணத்தில் இப்படிக் கீறுவார் உண்டோ நானறியேன். என் பக்கத்திலிருந்த தாய் மூச்சை இழுத்து, "எங்கடை பிள்ளை பாருங்கோ, ஐயா" என்றாள். ஆசிரியையைத்தான் சொன்னாள்.

தாள்கள் பிள்ளைகளிடம் போயின. உடனே பெற்றோரின் கைகள் முன்னே நீண்டன. அவை தாமாக நீண்டவை. மனம் வேண்டாமென்றாலும் கை கேளாது. கட்டி வைத்தாலன்றி நில்லாத கைகளுக்கு நான் அறிந்த கட்டு ஒன்றே.

"எல்லாரும் கும்பிடுங்கோ" என்றேன்.

"ஆரை, ஐயா?" என்றார் முச்சக்கரவண்டிக்காரர்.

"உன்ரை பிள்ளைக்குள்ளை இருக்கிறவனை. சந்நிதியிலை நிக்கிறதுமாதிரிக் கையைக் கூப்பிக்கொண்டு இரு. பிள்ளை 'முடிஞ்சுது' எண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் கையைப் பிரிக்கப்படாது. நானுந்தான்."

கூப்பினார்கள். இருபது பேர் நெஞ்சுக்கு நேரே கைகுவித்துப் பூனைக்குட்டிகளின்முன் இருந்த அந்தக் கோலத்தைப் புறத்தார் கண்டிருந்தால் எங்கள் ஊருக்கு ஏதோ ஆயிற்று என்றே நினைத்திருப்பர்.

"ஐயா, நுளம்பு கடிக்குது. ஒரு கை எடுக்கலாமோ?"

"கடிக்கட்டும்."

"பதினாலு நாள் திருவிழாவிலைகூட இவ்வளவு நேரம் கும்பிட்டது இல்லை" என்று அவர் முணுமுணுத்தார். அவருடைய மகன் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, கதையாதேங்கோ" என்றான். அதன்பின் சத்தமில்லை. பாஸ்டல் தாளில் உரசும் ஒலி மட்டும். பசுமையும் செம்மையும் கோட்டைத் தாண்டின; தாண்டியபோதெல்லாம் ஒவ்வொரு தாயின் கூப்பிய விரல்களும் துடித்தன.

என் முன்னிருந்த சிறுமி வலக்கையில் ஒரு நீலத் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு தரம் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாயின் கைகள் கூப்பியிருந்தன. என்னைப் பார்த்தாள். என் கைகளும் கூப்பியிருந்தன. எங்களில் எவர் கையும் வரப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டவள்போல, அந்த நீலத் துண்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள்.

பின்பு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! மூன்று விரல்கள் துண்டை ஏந்தின. சோம்பல் முறிக்கும் பூனையின் வளைந்த முதுகின்மேல் நீலம், காற்று அடங்கிய கடல்போல், ஒரே சீராகப் படர்ந்தது. கோட்டருகில் சென்று தானே திரும்பியது. அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது. உலகம் அவளுக்கு இல்லை.

"ஐயா" என்றாள் தாய், தொண்டைக்குள். "உவள் இடக்கையாலை..." அவளுடைய கைகள் பிரியப் பார்த்தன. வீட்டிலே எத்தனை தரம் அந்தக் கையைத் தட்டி மாற்றியிருப்பாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. நானும் அப்படியே வளர்ந்தவன், வளர்த்தவன். இடக்கையால் பூவெடுக்கலாகாது, திருநீறு வாங்கலாகாது, கொடுக்கலாகாது. ஏடு தொடக்கியபோது அந்தப் பிள்ளை ஏன் விரலைப் பொத்தினாள் என்பதும் அக்கணத்தில் எனக்கு விளங்கிற்று. அது பிடிவாதமன்று, நான் பிடித்தது வேறு கை.

எனக்குள் ஏதோ அசைந்தது. வாழ்நாளெல்லாம் நான் பாடிக் கண்ணீர் விட்ட பெருமான் உமையை வைத்தது எந்தப் பாகத்தில்? இடப்பாகத்தில். அம்பலத்தில் ஆடும்போது உயிர்களுக்குப் புகலாகத் தூக்கிய திருவடி எது? இடத் திருவடி. அந்தத் திருவடியை நாளும் தொழுதுவிட்டு, ஒரு குழந்தையின் இடக்கையை ஆகாதது என்று ஒதுக்கி வந்திருக்கிறேன். ஓதியது நாவிலேயே நின்றுவிட்டது போலும்.

"கையைப் பிரிக்காதை, பிள்ளை" என்றேன் அந்தத் தாய்க்கு. "கும்பிட்டுக்கொண்டு இரு."

அவள் கும்பிட்டபடியே இருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் கை எடுக்கவில்லை.

சிறுமி பூனையை முடித்தாள். முடித்தபின் தாளின் மேல் விளிம்பை நோக்கினாள். மறுபக்கத்தில் நான் இட்ட சுழி தாளினூடாக மங்கலாகத் தெரிந்தது. எவரும் சொல்லாமல், இடக்கையால், பூனையின் தலைக்குமேல் தானே ஒரு பிள்ளையார் சுழி இட்டாள். சுழி சற்றுச் சரிந்திருந்தது. ஆனால் தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கி, முடியவேண்டிய இடத்தில் முடிந்தது. "முடிஞ்சுது" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். "இப்ப சொல்லுங்கோ. பிள்ளையளை வானிலை ரவுணுக்கு விடப்போறவை கையைத் தூக்குங்கோ."

கூப்பிய கை ஒன்றும் பிரியவில்லை.

"தூக்கத்தான் பாக்கிறன்" என்றார் முச்சக்கரவண்டிக்காரர், "மகன் இன்னும் முடிஞ்சுதெண்டு சொல்லேல்லை." சிரிப்புக்கிடையே ஆசிரியை அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு குட்டியைத் தூக்கி, அதன் முதுகில் முகத்தைப் புதைத்து, நெடுநேரம் நின்றாள்.

பின்பு ஒரு நாள் அவளிடம் கேட்டேன், சிறுமியின் கை அவளுக்குத் தெரியுமோவென்று. "தெரியும், ஐயா. இஞ்சை இருக்கேக்கை இடக்கைதான். தாய் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் வலக்கைக்கு மாத்திப்போடுவாள். நான் சொன்னால் தாய் நம்பியிருக்கமாட்டா. காணவேணும்." பிறகு தயங்கி, "நீங்களும்" என்றாள். அந்தச் சொல்லில் மரியாதை ஒரு மாற்றுக் குறையவில்லை, உண்மையும் குறையவில்லை.

வான் வரவில்லை. பூனைக்குட்டிகள் வளர்ந்து, இரண்டு வேறு வீடுகளுக்குப் போயின. ஒன்று அலுமாரியை விடேனென்று நிற்கிறது. தாள்களைச் சுவரில் கொழுவும்போது எந்தப் பக்கம் வெளியே வரவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. துப்பரவான மண்ணிறப் பூனைகள் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன.

இவ்வாண்டு விசயதசமியில் அரிசித் தாம்பாளத்தின்முன் அமர்ந்திருந்தேன். புதிய பிள்ளைகள் முடிந்தபின், வரிசையின் கடைசியில் அந்தத் தாய் மகளோடு வந்து நின்றாள்.

"ஐயா, ஒருக்கால் தொடக்கினதை இன்னொருக்கால் தொடக்கலாமோ தெரியாது. இவளுக்கு... இந்தக் கையாலை."

இரண்டாம் தரம் ஏடு தொடக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கோயிற் குருக்களை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அரிசியைக் கையால் சமப்படுத்தி விட்டார்.

சிறுமி என் மடியில் இருந்தாள். என் கை பழக்கத்தால் எழுந்தது. எழுந்த கையை மற்றக் கையோடு சேர்த்துக் கூப்பிக்கொண்டேன். அவள் இடக்கைச் சுட்டுவிரலை நீட்டி அரிசியில் வைத்தாள். சுழி இட்டாள். அதன்கீழ், நிறுத்தி நிறுத்தி, 'அ' எழுதினாள். ஓர் அரிசிகூடத் தாம்பாளத்தை விட்டு வெளியே சிந்தவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விரலை நான் பிடித்து எழுதுவித்த எழுத்தைவிட, நான் தொடாமல் எழுதப்பட்ட அந்த எழுத்தே என் நெஞ்சை நிறைத்தது. மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "இது இவளின்ரை" என்று சொன்னேன்.

அவள் இன்னும் விரலை எடுக்கவில்லை. எழுத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அதன் முடிவிலிருந்து மெல்ல வளைத்து, தாம்பாளத்தின் விளிம்புவரை, அதற்கொரு வால் கீறினாள்.